கொலோனோஸ்கோப்பி: குழாயைவிட முந்தைய இரவுதான் கடினம்

சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் 50 வயதைக் கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசமாகத் தரும் மலப் பரிசோதனைப் பெட்டியை வாங்கிச் செய்து அனுப்பினேன். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருப்பதாக முடிவு வந்தது. 58 வயதில் முதல் முறையாகப் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க, அதாவது கொலோனோஸ்கோப்பி செய்ய, வேண்டியதாயிற்று.

கருவிக்கு முழு மதிப்பெண் தருகிறேன். சுண்டுவிரல் பருமனுள்ள வளையும் குழாய். நுனியில் விளக்கும் கேமராவும். கைப்பிடியில் உள்ள சக்கரங்களைத் திருப்பினால் நுனி நாலாபுறமும் திரும்புகிறது. குடலை விரிக்கக் காற்றுக்குப் பதில் கரியமில வாயு செலுத்தினார்கள். அதை உடல் விரைவில் உறிஞ்சிக்கொள்வதால் பிறகு வயிறு உப்பவில்லை. லேசான தூக்க மருந்துதான், அதனால் இடையிடையே திரையைப் பார்த்தேன்: இளஞ்சிவப்பாக, ஈரமாகப் பளபளக்கும் சுவர்கள். ஒரு சிறு பாலிப்பை, அதாவது குடல் சுவரில் வளரும் சதை முளையை, கம்பிச் சுருக்கு மாட்டி அறுத்து எடுத்தார்கள், வலிக்கவே இல்லை. குடலின் உட்சவ்வுக்கு அறுப்பது தெரியாது என்று தாதி சொன்னார்.

ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே பட்டுப் பட்டுத் திரும்பி, வெளியே கசியாமல் செல்லும் முழு அக எதிரொளிப்பைப் பள்ளியில் கற்பித்தவள் நான். பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இயற்பியலாளர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்தலாம் என்று 1954இல் காட்டினார். மூன்றே ஆண்டுகளில் மருத்துவர் ஹிர்ஷோவிட்ஸ் இழைகளால் ஆன இரைப்பை நோக்கியைக் கொண்டுவந்தார். இப்போது இழைகளின் இடத்தில் நுனியிலேயே மின்னணுக் கேமரா இருக்கிறது. பாடமாக நடத்தியது என் உடம்புக்குள்ளேயே வந்தபோது கண் கலங்கியது.

குறை இருப்பது முன்தயாரிப்பில். இரண்டு நாள் கீரை, முருங்கைக்காய், கொய்யா கிடையாது. வெள்ளைச் சோறு, தயிர், மீன் மட்டும். பேதி மருந்தை முதல்நாள் மாலை பாதியும் விடியற்காலை பாதியுமாகக் குடிக்க வேண்டும். குளிரவைத்து உறிஞ்சுகுழலால் குடித்தால் ஓரளவு இறங்குகிறது. எனக்குத் தந்த தாளில் இவை எல்லாம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன.

என் மாடியில் வசிக்கும் 74 வயது அம்மா ஒருவருக்கும் சென்ற ஆண்டு அதே தாள்தான். முழு மருந்தையும் மாலையிலேயே குடித்துவிட்டு, இரவு இட்லி சாம்பார் சாப்பிட்டிருக்கிறார். குடல் சுத்தமாகவில்லை என்று பாதியில் நிறுத்தி, மறுபடி வரச் சொன்னார்கள். தமிழ் அதிகாரத்துவ மொழியாக உள்ள நாட்டில் இது நடந்திருக்கக் கூடாது. எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

அடுத்த மாதம் என் நாத்தனாரின் முறை. அந்தத் தாளைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மருத்துவமனைத் தாதி ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, நாத்தனார் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.