மத்தூர் பக்கம் மாந்தோப்பு பிளாட் ஸ்கீம், பணம் போடலாமா? என் ரேட்டிங் 5க்கு 2

கம்பெனி பேர் போட மாட்டேன், யாரும் கேட்காதீங்க. இப்ப கிருஷ்ணகிரி தர்மபுரி சுத்தி இதே மாதிரி நிறைய பேர் கடை போட்டு இருக்காங்க, நோட்டீஸ்ல பேரையும் போட்டோவையும் மாத்தினா எல்லாம் ஒரே ஸ்கீம் தான், அதனால நான் எழுதறது உங்களுக்கு வாட்ஸப்ல வந்ததுக்கும் பொருந்தும். என் மச்சான் பெங்களூர்ல ஐடில இருக்கான், கையில கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, "மாமா நீங்க காவேரிப்பட்டணத்துக்காரர், உங்களுக்கு மாந்தோப்பு பத்தி தெரியும், ஒரு வாட்டி பார்த்து சொல்லுங்க"ன்னு ஒரே நச்சு. சரின்னு ரெண்டு பேரும் அவங்க சைட் விசிட் வேன்ல போனோம்.

ஸ்கீம் என்னன்னா, 25 சென்ட் நிலம் 11 லட்சம். உங்க பேர்ல பத்திரம் பண்ணி குடுத்துடுவாங்க. அதுல 40 மாங்கன்னு ஏற்கனவே நட்டு சொட்டு நீர் போட்டு இருக்கும், பத்து வருஷம் அவங்களே பராமரிப்பாங்க, நீங்க சீசனுக்கு குடும்பத்தோட வந்து பழம் சாப்பிட்டுட்டு போனா போதுமாம். வருஷா வருஷம் 66,000 ரூபாய் "விளைச்சல் பங்கு" அக்கவுண்ட்ல விழும், அதுவும் முதல் வருஷத்துலேர்ந்தே. பத்து வருஷம் கழிச்சு நிலம் வேணாம்னா கம்பெனியே திரும்ப வாங்கிக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். ஓசூர்ல சொன்ன டைமுக்கு வேன் வந்துச்சு, ஏசி ஓடுச்சு, மத்தியான சாப்பாடு களியும் நாட்டுக்கோழி குழம்பும், குறையே சொல்ல முடியாது. தோப்பும் ஏமாத்து வேலை இல்ல, நிஜமாவே கன்னு நட்டு இருக்காங்க. அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர், அடர் நடவு, ஏக்கருக்கு 160 மரம் வர்ற கணக்கு. ஒட்டுக்கன்னு சந்தூர் நர்சரியிலேர்ந்து எடுத்ததாம், கவாத்து, அதான் கிளை வெட்டி விடறது, ஒழுங்கா பண்ணி இருந்தாங்க, தோப்பை பார்த்துக்கற தம்பி பக்கத்து ஊர்க்காரர், விஷயம் தெரிஞ்ச ஆளு. அந்த 2 மார்க் சாப்பாட்டுக்கும் அந்த தம்பிக்கும் தான்.

வேன்ல வரும்போதே சேல்ஸ் பையன் ஆரம்பிச்சுட்டான். ஓசூர் ஏர்போர்ட் வரப்போகுது சார், டாடா வந்துருச்சு சார், போச்சம்பள்ளியில ஓலா இருக்கு சார், மூணு வருஷத்துல ரேட் மூணு மடங்கு சார். தம்பி, ஏர்போர்ட் அறிவிச்சது 2024 ஜூன்ல, 2000 ஏக்கர்ல வரும்னு சட்டசபையில சொன்னாங்க, அது ஓசூருக்கு. மத்தூர் தாண்டி ஊத்தங்கரை போற ரோட்டுல இருக்கற புஞ்சைக்கும் ஓசூர் ஏர்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? மேப்ல ஒரு வட்டம் போட்டு "40 நிமிஷம்"னு எழுதி இருந்தான், ஹெலிகாப்டர்ல போனா இருக்கலாம்.

இப்ப மெயின் விஷயம், கணக்கு. சேல்ஸ் பையன் மத்தவங்களுக்கு லேஅவுட் காட்டிட்டு இருந்தப்ப நான் வேலிக்கு அந்தப்பக்கம் கொள்ளு காய வச்சிட்டு இருந்த பெரியவர்கிட்ட பேச்சு குடுத்தேன். "பெரியப்பா, இந்தப்பக்கம் ஏக்கர் என்ன போகுது?"ன்னு கேட்டா "ரோட்டை ஒட்டி இல்லாட்டி பதினஞ்சு, பதினாறு லட்சம் கண்ணு, அதுக்கு மேல எவன் குடுப்பான்"னாரு. அப்ப 25 சென்ட் 4 லட்சம். கம்பெனி கேட்கறது 11. மிச்சம் 7 லட்சம் எதுக்குன்னு கேட்டா டெவலப்மெண்ட் சார்ஜாம், வேலி, சொட்டு நீர், கன்னு, கேட், அப்புறம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் கட்டப் போறாங்களாம். இதுல சொட்டு நீருக்கு சிறு குறு விவசாயிக்கு கவர்மெண்டே 100 சதவீத மானியம் குடுக்குது, மத்த விவசாயிக்கு 75. கன்னும் வேலியும் எவ்வளவு அடிச்சு போட்டாலும் 25 சென்ட்டுக்கு 7 லட்சம் வராதுங்க.

இப்ப அந்த 66,000த்தை பத்தால பெருக்குங்க. 6 லட்சத்து 60 ஆயிரம். நீங்க அதிகமா குடுத்த 7 லட்சத்தை தான் பத்து வருஷம் தவணை போட்டு உங்களுக்கே திருப்பி குடுக்கறாங்க, வட்டி கூட இல்ல. நான் இதை மச்சானுக்கு செல்போன் கால்குலேட்டர்ல போட்டு காட்டினேன், பய கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

சரி மரம் காய்க்காதா, அதுலேர்ந்து வராதான்னு கேட்பீங்க. ஒட்டுக்கன்னு காய்ப்புக்கு வர மூணு நாலு வருஷம் ஆகும், நல்லா பலன் குடுக்க இன்னும் மேல. முதல் வருஷமே 66,000 எங்கேர்ந்து வரும், முழங்கால் உயரக் கன்னுலேர்ந்தா? முழுசா வளர்ந்த அப்புறமும் அடர் நடவுல மரத்துக்கு 25, 30 கிலோன்னு தாராளமாவே வைங்க, 40 மரத்துக்கு ஒரு டன், ஒண்ணே கால் டன் காய். அங்க நட்டிருக்கறதுல முக்கால்வாசி பெங்களூரா தான், அதான் தோத்தாபுரி, மாங்கூழ் ஃபேக்டரிக்கு போற ரகம். கிலோ 20 ரூபாய்க்கு போனா கூட மொத்தமே 25,000, அதுல மருந்து, கவாத்து, பறிக்கற கூலி, வண்டி வாடகை எல்லாம் கழியணும். இது நல்ல விலை கிடைச்சா.

நல்ல விலை எப்ப கிடைக்குது? 2025 சீசனை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காய் எக்கச்சக்கம், கூழ் ஃபேக்டரில பழைய ஸ்டாக் தேங்கி கிடக்கு, பெங்களூரா கிலோ நாலு அஞ்சு ரூபாய்க்கு வந்து நின்னுச்சு. பறிக்கற கூலி கூட கட்டாதுன்னு எங்க ஊர்லயே மரத்துலயே விட்டவங்க இருக்காங்க. பக்கத்துல ஆந்திரா கவர்மெண்ட் 12 ரூபாய்னு விலை வச்சு அதுல 4 ரூபாய் அவங்க குடுத்தாங்க, சித்தூர் மாவட்டத்துல வெளி மாநில தோத்தாபுரி உள்ள வரக்கூடாதுன்னே உத்தரவு போட்டாங்க. இந்த விலையில 40 மரம் உங்களுக்கு அஞ்சாறாயிரம் குடுக்கும். அப்பவும் 66,000 வந்தா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க, ஏன்னா அது மாங்கா காசு இல்ல, அடுத்து சேர்ந்தவன் கட்டின காசு. இதை நான் கேட்டதுக்கு சேல்ஸ் பையன் "நாங்க ஏற்றுமதி பண்றோம் சார், வேல்யூ ஆடிஷன் சார்"ன்னான். எந்த ஃபேக்டரின்னு கேட்டா "ப்ராசஸ்ல இருக்கு".

மாமரத்துக்கு இன்னொரு குணம் இருக்கு, ஒரு வருஷம் கொட்டும் அடுத்த வருஷம் கையை விரிக்கும், அதனாலதான் எங்க பக்கம் விவரமான ஆளுங்க பூவுலயே வியாபாரிக்கு குத்தகை பேசிட்டு நிம்மதியா இருப்பாங்க. வருஷா வருஷம் ஒரே தொகைன்னு எழுதிக் குடுக்கறவன் மரத்தை பார்த்து எழுதல.

தண்ணி. நாற்பது ஏக்கருக்கு மேல தோப்பு, ஓடற போர் ஒண்ணு, 1,100 அடியாம். அடியில பூரா கருங்கல் பாறை, நம்ம ஊர்ல ஆயிரம் அடி போட்டும் புகை மட்டும் வந்த போர் எத்தனையோ. ஒரு பண்ணைக்குட்டை வெட்டி தார்ப்பாய் போட்டு வச்சிருக்காங்க, நாங்க போனப்ப அடியில கொஞ்சம் தண்ணி. அந்த தம்பிகிட்ட தனியா கேட்டேன், "அண்ணா, சித்திரையில டேங்கர் தான்"னு சொல்லிட்டு அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டாரு. பராமரிப்பு ஒப்பந்தத்துல தண்ணி பத்தி ஒரு வரி கூட கிடையாது, கன்னு பட்டுப்போனா யார் மாத்தணும்னும் இல்ல.

அப்புறம் பேப்பர். இங்கதான் எனக்கு சுத்தமா பிடிக்கல. பத்திரத்துல 4 லட்சம் தான் காட்டுவாங்களாம், "உங்களுக்கு ஸ்டாம்ப் ட்யூட்டி மிச்சம் சார்"னு நமக்கு உபகாரம் மாதிரி சொல்றாங்க. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம், அது மிச்சம் ஆகுதுன்னு சந்தோஷப்பட்டா நாளைக்கு தகராறுன்னு வரும்போது பதிஞ்ச பத்திரத்துல உங்களுக்கு ஆதாரம் 4 லட்சத்துக்கு மட்டும் தான். மிச்சம் 7 லட்சத்துக்கு ஒரு ரசீது, கீழ பொடி எழுத்துல "திருப்பித் தரப்படாது". தோப்பை அவங்க பராமரிக்கறதுக்கு போடற பத்து வருஷ குத்தகை ஒப்பந்தத்தை ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்க, நோட்டரி கையெழுத்து மட்டும். ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையை பதிவு பண்ணியே ஆகணும்னு பதிவுச் சட்டத்துலயே இருக்கு. திரும்ப வாங்கிக்கற ஷரத்தை படிச்சா "நிறுவனம் விரும்பும் பட்சத்தில், அன்றைய நிலவரப்படி". அப்ப விரும்பலன்னா?

பட்டா கேட்டேன், "கூட்டுப்பட்டா வரும் சார், உட்பிரிவு அப்புறம் பண்ணிக்கலாம்". யாராவது வாங்கறதா இருந்தா இந்த இடத்துல நில்லுங்க. உங்க 25 சென்ட்டுக்கு நாலு எல்லையும் பத்திரத்துல வரணும், வண்டிப்பாதை உரிமை எழுதி இருக்கணும், உட்பிரிவு ஆகி உங்க பேர்ல பட்டா வரணும். வில்லங்கம் நீங்களே ஆன்லைன்ல போட்டு பாருங்க, அவங்க குடுக்கற ஜெராக்ஸை நம்பாதீங்க. அ-பதிவேடு, அதான் கிராமத்து நிலக்கணக்கு, எடுத்து பாருங்க, நடுவுல ஓடை புறம்போக்கு இருக்கான்னு அதுல தெரிஞ்சிடும். பஞ்சமி நிலம் இல்லன்னும் விசாரிச்சு உறுதி பண்ணிக்கோங்க. பஞ்சமி நிலம்னா பட்டியலின மக்களுக்குன்னு கவர்மெண்ட் ஒதுக்கினது, மத்தவங்க பத்திரம் பண்ணினாலும் நிக்காது.

வரி இல்லாத வருமானம்னு நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டு இருக்காங்க. விவசாய வருமானத்துக்கு வரி இல்லங்கறது சரி, ஆனா காய் காய்ச்சாலும் காய்க்காட்டியும் வர்ற காசு விவசாய வருமானமான்னு உங்க ஆடிட்டரை கேட்டுட்டு சந்தோஷப்படுங்க.

நான் கடைசியா கேட்டது, செபியில, அதான் முதலீடுகளை கண்காணிக்கற மத்திய அரசு அமைப்புல, பதிவு இருக்கான்னு. பல பேர் காசை சேர்த்து, லாபம் தரேன்னு சொல்லி, போட்டவன் கையில நிர்வாகம் இல்லாம நடத்தினா அது கூட்டு முதலீட்டுத் திட்டம், செபி சட்டம் 11ஏஏ பிரிவு, பதிவு வேணும். மேனேஜரே வந்து "சார் நாங்க நிலம் விக்கறோம், இது சிட்ஃபண்ட் இல்ல"ன்னாரு. பிஏசிஎல்னு ஒரு கம்பெனி, அவங்களும் நிலம் விக்கறோம்னு தான் சொன்னாங்க, 2014ல 49,100 கோடியை திருப்பிக் குடுன்னு செபி உத்தரவு போட்டுச்சு, போட்டவங்க இன்னும் அலையறாங்க. பெருந்துறை ஈமு கோழி கதை 2012ல நம்ம கண்ணு முன்னாடி நடந்தது, அதுலயும் மாசா மாசம் காசு, கடைசில கோழியை வாங்கிக்கறோம்னு தான் பேச்சு. இந்த கம்பெனி அப்படித்தான்னு நான் சொல்ல வரல, அந்த கேள்விக்கு நேரா பதில் வரலங்கறது மட்டும் சொல்றேன்.

அப்ப இங்க காசு போடவே வழி இல்லையான்னு மச்சான் கேட்டான். இருக்கு, ஆனா உக்காந்த இடத்துல 66,000 வராது. எங்க ஏரியால விளையறதுல பிரச்சனை இல்ல, விளைஞ்சது நிக்க இடம் இல்லாததுதான் பிரச்சனை. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி விலை விழுந்தா ரோட்டுல கொட்றாங்க, பெங்களூரா நிலைமை மேல சொன்னேன், புளி கொட்டை எடுத்து குளிர்பதனக் கிடங்குல வச்சு விக்கறவன் சம்பாதிக்கறான், மரத்து சொந்தக்காரன் இல்ல. ஊர்ல ஒரு ஆளோட சேர்ந்து சின்னதா புளி, ராகி மாவு, மாங்கா வத்தல் யூனிட் போட்டா பிஎம்எஃப்எம்இங்கற சின்ன உணவுத் தொழிலுக்கான மத்திய அரசு திட்டத்துல 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் மானியம், மாவட்டத் தொழில் மையத்துல போய் கேட்டா விவரம் சொல்வாங்க. கிடங்கு, தரம் பிரிக்கற ஷெட் மாதிரி பெருசா போனா வேளாண் உள்கட்டமைப்பு நிதி, 2 கோடி வரைக்கும் கடனுக்கு 3 சதவீதம் வட்டி குறைப்பு, ஏழு வருஷம். உழவர் உற்பத்தியாளர் கம்பெனில பங்கு வாங்கலாமான்னும் கேட்டான், விவசாயியா இருந்தாதான் முடியும். இதுக்கெல்லாம் வாரத்துல ரெண்டு நாளாவது ஊர்ல வந்து நிக்கணும், பய லீவ் கிடைக்காதுன்னான்.

நிலம்தான் ஆசைன்னா அதே 11 லட்சத்துக்கு அந்த பெரியவர் சொன்ன ரேட்டுல அரை ஏக்கருக்கு மேலயே நேரா வாங்கலாம், தமிழ்நாட்டுல விவசாயி இல்லாதவங்களும் விவசாய நிலம் வாங்கலாம், வெளிநாட்டுல இருக்கற என்ஆர்ஐ தான் வாங்க முடியாது. ரெண்டு வருஷம் சும்மா கிடந்தாலும் உங்க நிலம் உங்க பேர்ல இருக்கும்.

டோக்கன் அட்வான்ஸ் 25,000 அன்னிக்கே கட்டினா ஒரு கிராம் தங்கக்காசுன்னு திரும்பி வரும்போது வேன்ல ஒரே கெஞ்சல், எங்க கூட வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தம்பதி கட்டிட்டாங்க, மனசு கேட்காம அவங்ககிட்ட கணக்கை சொன்னேன், "பார்ப்போம்ப்பா"ன்னாங்க. மச்சான் கட்டல. அந்த சேல்ஸ் பையன் இன்னும் போன் பண்ணிட்டு இருக்கான், இப்ப விலை ஒன்பதரை லட்சமாம், "உங்களுக்காக ஸ்பெஷல் சார்".