டிவி கேம் எமுலேட்டர்: பழைய டெஸ்க்டாப்பா, ராஸ்பெர்ரி பையா?

நின்டெண்டோவின் பழைய ஃபேமிகாம் டிவி கேம் பெட்டியைக் கம்ப்யூட்டரில் பாவனை செய்யும் எமுலேட்டர் ஒன்றின், விண்டோஸில் ஓடும் சி கோடு கையில் இருக்கிறது. ஹாலில் டிவி பக்கத்தில் வைக்க அதை எதற்கு மாற்றுவது? ஆபீஸ்களில் கழித்துவிட்ட கோர் 2 டூவோ டெஸ்க்டாப்புக்கா, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை 4-க்கா (இனி 'பை')? வேகத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஃபேமிகாமின் 1.79 மெகாஹெர்ட்ஸ் 6502 சிப்பை இரண்டும் அலட்டாமல் ஓட்டும்.

கோடை மாற்ற டெஸ்க்டாப்தான் சுலபம். அதே எக்ஸ்86 சிப் வகை, லினக்ஸ் போட்டு, படமும் சத்தமும் தரும் விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் பகுதியை, லினக்ஸிலும் ஓடும் எஸ்டிஎல் 2 லைப்ரரிக்கு மாற்றினால் ஆயிற்று. பையில் கூடவே ஒரு வம்பு வரும். வெறும் 'சார்' (char) என்று அறிவித்த ஒரு பைட் மாறி, ஜிசிசி கம்பைலரில் எக்ஸ்86-க்கு -128 முதல் 127 வரை. பையில் இருக்கும் ஏஆர்எம் சிப்பின் லினக்ஸில் 0 முதல் 255 வரை. வேறு இடத்துக்குத் தாவச் சொல்லும் 6502-ன் பிராஞ்ச் கட்டளை 5 பைட் பின்னால் போகச் சொன்னால் அந்த பைட்டின் மதிப்பு 251. பையில் அது -5 ஆகாமல் 251 பைட் முன்னால் தாவிவிடும். கம்பைல் ஒழுங்காக ஆகும், எரர் வராது, கேம் மட்டும் எழும்பாது. அந்த மாறியை, எங்கும் -128 முதல் 127 வரையே இருக்கும் 'இன்ட்8_டி' (int8_t) ஆக்குங்கள். இசட்ஸ்னெஸ் போலப் பெரும்பகுதி எக்ஸ்86 சிப்புக்கு மட்டுமே பொருந்தும் அசெம்பிளி மொழியில் எழுதிய எமுலேட்டர் என்றால் பை பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவுக்கும் மேல் என் ஓட்டு பைக்குத்தான். காரணம் கரண்ட் கட்.

பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். கரண்ட் போய் வந்தால் பயாஸ் செட்டிங் அழிந்து, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். கையில் ஜாய்ஸ்டிக் மட்டும் வைத்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? பேட்டரி மாற்றுவது சில்லறை வேலைதான். ஆனால் காசிமேடு, ராயபுரம் உப்புக்காற்றில் ரேம் காலிலும் கறை பிடிக்கும். கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டால்தான் டிஸ்ப்ளே வரும். பை 4-ல் ரேம் போர்டோடு சால்டர் ஆனது.

பை, கரண்ட் வந்ததும் தானே பூட் ஆகும். பயம் எஸ்டி கார்டுக்குத்தான். பையின் செட்டிங் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் பெர்ஃபாமன்ஸ் ஆப்ஷன்ஸுக்குள் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்தால் கார்டில் எதுவும் எழுதப்படாது. கேம் சேவும் சேர்த்துத்தான்! அதற்கு லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்த தனி பென்டிரைவ் வையுங்கள். கேம் சேவை வைத்திருக்கும், கேசட்டின் பேட்டரி ரேம் பொதுவாக 8 கேபிதான். பல எமுலேட்டர்கள் மூடும்போதுதான் அதை எழுதும். கரண்ட் போனால் மூடுவதற்கு ஏது நேரம்? அந்த ரேமில் உள்ளது மாறியிருந்தால் 5 வினாடிக்கு ஒருமுறை தற்காலிக ஃபைலில் எழுதி, உடனே டிரைவில் பதியச் சொல்லும் 'எஃப்சிங்க்' (fsync) கொடுத்து, பிறகு அந்த ஃபைலின் பெயரைப் பழைய சேவ் ஃபைலின் பெயருக்கு மாற்றுங்கள். பழைய ஃபைல் மேலேயே எழுதினால் பாதியில் கரண்ட் போய்ப் பழையதும் புதியதும் சேர்ந்தே போகும்.

போன் சார்ஜர் வேண்டாம், 5.1 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டர் போடுங்கள். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி வரும், வேகம் குறையும், சத்தம் விக்கும்.

டியூப் டிவியில் போடுவதானால் பர்மா பஜாரில் 3.5 எம்எம் ஏவி கேபிளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பை 4-க்கு பின்னின் அடிப்பகுதி வீடியோ, அதற்கு அடுத்த வளையம் கிரவுண்ட். சில கேபிள்களில் இது இடம் மாறியிருக்கும், மல்டிமீட்டரில் தெரிந்துவிடும். பை 5-ஐ நான் அதிகம் புழங்கவில்லை. அதில் இந்த ஜாக்கே கிடையாது.