வேனா, பஸ்ஸா, லோரியா? வண்டியிலேயே குடியிருக்க எது தேறும்

இரவு இரண்டு மணி. மலேசியாவில், தாப்பாவுக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் ஓர் ஓய்வுத் தளம். வாடகைக்கு எடுத்த நிஸான் வேனுக்குள் நானும் என் மனைவியும் விழித்துக் கிடந்தோம். வெளியே கொட்டுகிற மழை, ஜன்னலைத் திறக்க வழியில்லை. பேட்டரி தீர்ந்து ஏர்கோன் நின்று அரை மணி நேரமாகிவிட்டது. எங்கள் மூச்சே கண்ணாடியில் நீராக வழிந்துகொண்டிருந்தது. "அமெரிக்காக்காரன் இதுக்கு என்ன செய்வானாம்?" என்று கேட்டாள். வண்டி வாழ்க்கை பற்றிய அமெரிக்க வீடியோக்களில் பெரும்பாலும் ஹீட்டரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

55 வயதில் இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுத்ததிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். செந்தூல் பிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வருடம் முழுக்க வண்டியில் இருப்பது. இரண்டு நாள் போய்த் திரும்புகிறவர்களுக்கு எந்த வண்டியும் சரிதான். வீடே அதுதான் என்றால் கணக்கு வேறு. ஓராண்டாக வாடகைக்கும் இரவலுக்கும் வாங்கி மூன்று வகை வண்டிகளில் படுத்துப் பார்த்துவிட்டேன். இன்னும் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்ததே போதும் என்று ஆகிவிட்டது.

யூடியூப்பில் வரும் அமெரிக்க வண்டிகளை முதலில் ஓரம் கட்டிவிடுகிறேன். அங்கே கிளாஸ் ஏ என்பது நாற்பது அடியும் தாண்டக்கூடிய பஸ் வீடு. அகலமே எட்டரை அடி, நிறுத்திய பிறகு சுவர் வெளியே நீண்டு கூடம் இன்னும் பெரிதாகும். கிளாஸ் பி என்றால் வேன். கிளாஸ் சி என்றால் ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை வைத்த வண்டி. ஃபிஃப்த் வீல் என்று ஒன்று, பிக்கப்பின் பின்தட்டில் மாட்டி இழுப்பது. சாலையிலேயே வாழ்கிறவர்களில் பலருக்கு அதன் மேல் ஆசை, ஏனென்றால் வீட்டைக் கழற்றி விட்டுவிட்டு பிக்கப்பில் கடைக்குப் போய் வரலாம். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பெரிய வீடுகள் நம்பியிருப்பது முகாம் தளத்தில் இருக்கும் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் சொருகுகளை. கழிவைக் கொட்டவும் அங்கே குழாய் உண்டு. நமக்கு வாய்ப்பது ஓய்வுத் தளம், கடற்கரை, தெரிந்தவர் வீட்டு வாசல், அனுமதித்தால் கோயில் வளாகம். கரண்டையும் தண்ணீரையும் நாமே சுமந்துகொண்டுதான் போக வேண்டும். அவர்கள் வண்டியை அப்படியே கொண்டுவந்தாலும், அதன் ஏர்கோன் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் சுவரில் வருவது 240.

சரி, வேன். டொயோட்டா ஹையேஸும் நிஸான் அர்வானும்தான் இங்கே எங்கு பார்த்தாலும். நான் எடுத்த அர்வான் 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், உயரம் இரண்டு மீட்டரை ஒட்டி. அந்த உயரம்தான் அதன் சொத்து. 2.1 மீட்டர் என்று எழுதித் தொங்கும் கம்பிக்குக் கீழே நுழைந்து பேரங்காடியின் அடித்தளத்தில் நிறுத்திவிடலாம். பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலை வளைவுகளில் எதிரே பஸ் வந்தாலும் பதற்றமில்லை. உதிரி பாகம் எந்த ஊர் வொர்க்‌ஷாப்பிலும் கிடைக்கும். சாதாரண டி உரிமம் போதும்.

குறை ஒன்றுதான், ஆனால் அது தினமும் முதுகில் உட்காரும்: உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. பத்து நாள் கூனிக்கொண்டே சட்டை மாட்டிப் பாருங்கள், தெரியும். ஒருவர் தேநீர் போட வேண்டுமென்றால் மற்றவர் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மூன்றாம் நாள் காலை, தேங்காய் துருவ இடம் தேடிய என் மனைவி, பின்கதவைத் தூக்கிவிட்டு அதன் நிழலில் குந்தி உட்கார்ந்தாள். நாங்கள் கடை போட்டிருக்கிறோம் என்று நினைத்து ஒருவர் வந்து நாசி லெமாக் என்ன விலை என்று கேட்டார்.

இனி அந்த இரண்டு மணி விஷயம். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இரவு வெப்பம் 24 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும், காற்றில் ஈரம் வேறு. ஏர்கோன் இல்லாமல் ஒரு வாரம் தள்ளலாம், ஒரு வருடம் தள்ள முடியாது. ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஏர்கோன், உள்ளே குளிர்ந்த பிறகு, சராசரியாக 400 வாட் இழுப்பதாக என் மீட்டர் காட்டியது. ஒன்பது மணி நேரத்துக்கு 3.6 யூனிட். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.28 யூனிட், பேட்டரிக் கரண்டை 240 வோல்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி தின்பதையும், அடிவரை காலி செய்யாமல் விடுவதையும் கழித்தால் ஒரு யூனிட் கைக்கு வரும். ஆக நான்கு பேட்டரி வேண்டும். வாடகை வேனில் இருந்தது ஒன்றே ஒன்று. காசு மிச்சம் என்று ஈய பேட்டரிக்குப் போனால், பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சுருங்கிவிடும், அதனால் ஏழெட்டு வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் முப்பது கிலோ.

வாங்கி வைத்தால் மட்டும் போதுமா, தீர்ந்ததை மறுநாள் நிரப்ப வேண்டுமே. நம் ஊரில் நல்ல நாளில் நான்கு மணி நேர முழு வெயில் என்று வைத்துக்கொள்ளலாம். வேன் கூரையில் 400 வாட் சோலார் தகடு வைத்தால், இழப்பு போக 1.2 யூனிட் வரும். தேவையில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை, எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் சார்ஜர் வழியாக எடுத்தால் மணிக்கு 0.4 யூனிட், அதாவது ஆறு மணி நேர ஓட்டம். இரவில் தூங்குவதற்காகப் பகலெல்லாம் வண்டி ஓட்ட வேண்டும். குளிரான கேமரன் மலையிலேயே கிடந்தால் இந்தக் கவலை இல்லைதான், ஆனால் அதற்கு வண்டி எதற்கு, அங்கேயே ஒரு வீடு பார்த்துவிடலாமே.

அடுத்தது பஸ். என் மச்சான் காப்பாரில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கியவர். அவரிடம் பழைய டொயோட்டா கோஸ்டர் ஒன்று சும்மா நின்றது: ஏழு மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் அகலம். பின்பாதி இருக்கைகளைக் கழற்றி மெத்தை போட்டு, கிரிக், பாண்டிங் ஏரி, ஜெலி வழியாகக் கிழக்குக் கரைக்கு மூன்று வாரம் போனோம். நிமிர்ந்து நின்று வேட்டி கட்டினேன். இது சின்ன விஷயமாகத் தெரியும், வேனில் பத்து நாள் இருந்தவனுக்கு அப்படித் தெரியாது. மழை பெய்தால் ஒருவர் சமைக்கலாம், ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். சந்தேகமாக யாராவது சுற்றினால் இறங்காமலே ஓட்டுநர் இருக்கைக்குப் போய்க் கிளம்பிவிடலாம். அந்தக் கூரையில் 1,200 வாட் தகடு பிடிக்கும். அதே கணக்கில் ஒரு பகலுக்கு 3.6 யூனிட். ஒரு பகல் வெயில், ஓர் இரவுத் தூக்கம். மழைக்காலத்தில் குறையும், உண்மைதான். நவம்பர் தொடங்கினால் கிழக்குக் கரைப் பக்கம் தலை வைக்காமல் மேற்கே வந்துவிட வேண்டியதுதான்.

பஸ்ஸின் வில்லன் கண்ணாடி. சுற்றிலும் ஜன்னல், காலை ஒன்பது மணிக்கே உள்ளே அடுப்பு. பாதி ஜன்னல்களை உள்ளிருந்து காப்புப் பலகை வைத்து அடைத்தால்தான் ஏர்கோன் கணக்கு நிற்கும். பழைய பஸ் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கேட்பதற்கு முன் ஜன்னல் ரப்பரின் கீழ் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மச்சான் பஸ்ஸில் நான் அழுத்திய இடத்தில் ரப்பருக்குப் பின்னாலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தது, கூடவே மிக்சர் துகள் மாதிரி துரு. ரப்பர் மாற்றுவது எளிது. துருவை வெட்டி எடுத்து வெல்டிங் வைப்பதுதான் செலவு.

அப்புறம், மார்க்கெட்டுக்கும் அதே ஏழு மீட்டரில் போக முடியாது. பின்னால் ஒரு தாங்கி அடித்து ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொள்வதுதான் வழி. கேமரனுக்கும் இந்த நீளத்தோடு தாப்பா பழைய பாதையில் ஏறாமல் சிம்பாங் பூலாய் வழியாகப் போவது நிம்மதி.

லோரி வீட்டையும் சொல்ல வேண்டும், அதற்கும் நியாயம் இருக்கிறது. ஈப்போவில் ஒரு நண்பர் குளிர்பதன லோரி ஒன்றை வாங்கி வீடாக்கியிருக்கிறார். மீன் கெடாமல் இருக்கச் செய்த சுவர், உச்சி வெயிலிலும் உள்ளே சூடு ஏறுவதில்லை. அவர் ஏர்கோன் என் கணக்கில் பாதிதான் தின்கிறது. சுவர் நேராக இருப்பதால் அலமாரி அடிப்பதும் சுலபம். வெப்பம் ஒன்றை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். ஆனால் பின்பெட்டியிலிருந்து ஓட்டுநர் கேபினுக்கு வழி கிடையாது. நள்ளிரவில் என்ன நடந்தாலும் இறங்கி ஓடித்தான் ஏற வேண்டும். வில்பட்டை குலுக்கலில் அவருடைய பீங்கான் தட்டுகள் எல்லாம் போய் இப்போது எவர்சில்வர்தான். இரண்டு இரவு படுத்தேன். முதல் இரவு அருமை. இரண்டாம் இரவு ஏர்கோனை அணைத்துவிட்டுப் பார்த்தோம். விடியும்போது பலகைக்குப் பின்னாலிருந்து கெம்புங் (கானாங்கெளுத்தி) மீன் வாசம் எழுந்து வந்தது.

இழுத்துச் செல்லும் கேரவான், யாருக்காவது டுரியான் தோட்டத்தில் இடம் இருந்தால் அங்கே கொண்டுபோய் வைத்துவிட நல்லது. கம்போங் சந்தில் அதைப் பின்னோக்கி எடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. பிக்கப் மேல் கூடாரம் இளவட்டங்களுக்கு. இரவில் சிறுநீர் கழிக்க ஏணியில் இறங்கும் வயது எங்களுடையது இல்லை.

செலவில் வேன் ஜெயிக்கும், சந்தேகமில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் உதவித்தொகையை எடுத்தபோது லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. பெட்ரோல் வேனுக்கோ 2025 செப்டம்பர் கடைசியில் வந்த திட்டப்படி மலேசியர்களுக்கு 1 வெள்ளி 99 காசு ஆனது. டீசலில் ஓடும் மச்சான் பஸ் எனக்கு லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது. பின்னால் இரட்டைச் சக்கரம், அதனால் டோல் சாவடியில் கார் கட்டணத்தில் விடவும் மாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் நாங்கள் ஓரிடத்தில் நான்கு நாள் நின்றோம். வேனில் முதுகு வலியிலும் பேட்டரிக்காகவும் தினம் ஓடினோம். மாத எண்ணெய்ச் செலவு நினைத்த அளவு வித்தியாசப்படவில்லை.

இன்னொன்று, ரம்பத்தை எடுக்கும் முன் தாள்களைப் பாருங்கள். இருக்கை கழற்றி உடலமைப்பை மாற்றுவதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும், சோதனைக்கும் போக வேண்டும். டி உரிமம் சுமை இல்லாத எடை 3,500 கிலோ வரைதான்; கோஸ்டர் அந்த எல்லையை ஒட்டி நிற்கிற வண்டி, அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தால் தாண்டிவிடும். நான் கனரக உரிமத்துக்குப் பதிந்திருக்கிறேன். என் வகுப்பில் மற்ற எல்லாரும் இருபத்தைந்து வயதுக்குள்.

வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு மாதம் ஒரு வாரம் சுற்றுகிறவர் என்றால் வேன், யோசிக்கவே வேண்டாம். வெல்டிங் கைவரும், தனி ஆள் என்றால் லோரி. திரும்பிப் போக வீடு இல்லாத இரண்டு பேருக்கு என் ஓட்டு பஸ்ஸுக்கு. மச்சானிடம் விலை பேசி முடித்தாயிற்று. இழுபறி நின்றது கழிப்பறையில்தான். பஸ்ஸில் இடம் இருப்பதால் உள்ளேயே இருபது லிட்டர் தொட்டியோடு ஒன்று வைக்கலாம் என்றேன். இரண்டு பேருக்கு மூன்று நாளில் நிறையும், யார் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவது என்றாள் மனைவி. பஸ் விற்ற தாளின் பின்பக்கத்தில் அந்த வேலை என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாட்சி, அவளுடைய அண்ணன்.