கேபினெட் ஃபேனை யார் கையில் கொடுப்பது: பயாஸா, மென்பொருளா, ஹப்பா?

கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு 83 டிகிரியைத் தொடும். கேபினெட் ஃபேன்களோ 600 ஆர்.பி.எம்.மில் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிரவுசரில் புதிதாக ஒரு டேப் திறந்தாலோ, அதே ஃபேன்கள் திடீரென்று இரைந்துவிட்டு அடங்கும். இரண்டு தொல்லைக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். ஃபேன் தவறான வெப்பநிலையைப் பார்த்து ஓடுகிறது. பல மதர்போர்டுகளில் கேபினெட் ஃபேன் ப்ராசஸரையோ போர்டின் சென்சாரையோ பார்த்தபடிதான் வரும். கிராபிக்ஸ் கார்டு என்ன சூட்டில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. புது ஃபேன் வாங்கும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும்.

அதற்கும் முன்னால் காசில்லாத ஒரு சோதனை. பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, அதே கேமை 20 நிமிடம் ஓட்டுங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இறங்கவே இல்லை என்றால் கூலர், தெர்மல் பேஸ்ட், தூசி ஆகியவற்றைப் பாருங்கள். ஃபேன் திசையையும் ஒருமுறை சரிபாருங்கள்: நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும்.

மூன்று பின்னா, நான்கு பின்னா

பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை), மென்பொருள், ஹப் (பல ஃபேன்களைச் சேர்த்து இணைக்கும் பெட்டி) என்ற மூன்றில் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது தவறினால் எதுவும் வேலை செய்யாது. மூன்று பின் ஃபேனின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் அடக்க முடியும். பயாஸில் அது டி.சி. மோடு. நான்கு பின் ஃபேனுக்கு 12 வோல்ட் எப்போதும் போகும். நான்காவது கம்பியில் வரும் பி.டபிள்யூ.எம். சிக்னல்தான் வேகத்தைச் சொல்லும். மூன்று பின் ஃபேனை பி.டபிள்யூ.எம். மோடில் உள்ள ஹெடரில் (மதர்போர்டில் ஃபேன் வயரைச் செருகும் இடம்) செருகினால், கர்வை (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று காட்டும் கோடு) எப்படி இழுத்தாலும் முழு வேகத்தில்தான் ஓடும். ‘ஃபேன் குறையவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நேர்மாறாக, நான்கு பின் ஃபேனை டி.சி. மோடில் விட்டால் ஓடும். ஆனால் அழுத்தம் 5 வோல்ட் பக்கம் இறங்கும்போது சில ஃபேன்கள் நின்றுவிடும். ‘ஆட்டோ’வை நம்பாமல் ஒவ்வொரு ஹெடருக்கும் மோடை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள்.

பயாஸ்

அசூஸில் கியூ-ஃபேன், கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன், எம்.எஸ்.ஐ.யில் ஹார்டுவேர் மானிட்டர், ஏஎஸ்ராக்கில் ஃபேன்-டாஸ்டிக் டியூனிங். பெயர்தான் வேறு, சமாசாரம் ஒன்று. விண்டோஸ், லினக்ஸ் எதுவானாலும், சிஸ்டம் தொங்கிப்போனாலும் கர்வ் வேலை செய்யும் என்பது இதன் பெரிய பலம்.

ப்ராசஸரைப் பார்த்து ஓட்டுவதானால் 40 டிகிரியில் 30%, 60-ல் 45%, 75-ல் 70%, 85-ல் 100% என்று தொடங்கலாம். ஆனால் கர்வை விட முக்கியமானது தாமதம். ரைசன் போன்ற ப்ராசஸர்கள் சின்ன வேலைக்கே கண நேரத்தில் 10, 15 டிகிரி எகிறி இறங்கும். கேபினெட்டுக்குள் இருக்கும் காற்று சூடாகவோ நிமிடக் கணக்கில் ஆகும். எனவே அந்தத் துள்ளலுக்கெல்லாம் கேபினெட் ஃபேன் ஓடிப்போய் நிற்க வேண்டியதில்லை. ‘ஸ்டெப் அப்’, ‘ஸ்டெப் டவுன்’ என்றோ ‘ஸ்மூத்திங்’ என்றோ இருக்கும் அமைப்பை அந்த போர்டு அனுமதிக்கும் அதிகபட்சத்துக்கு அருகில் வையுங்கள். டேப் திறந்தால் இரையும் தொல்லை பெரும்பாலும் அங்கேயே தீரும்.

தீராதது கிராபிக்ஸ் கார்டு பிரச்சினை. பெரும்பாலான பயாஸ்கள் அதன் வெப்பநிலையைப் படிப்பதில்லை. சுற்றுவழி உண்டு: போர்டில் இரண்டு பின் கொண்ட டி-சென்சார் ஹெடர் இருந்தால் 10 கிலோஓம் தெர்மிஸ்டர் (சூட்டை அளக்கும் சிறு சென்சார் கம்பி) ஒன்றைச் செருகி, அதன் முனையைக் கார்டுக்குச் சற்று மேலே, பின்பக்க ஃபேனுக்குப் போகும் காற்றின் பாதையில் கட்டிவிடலாம். பிறகு கேபினெட் ஃபேன்களின் சென்சாராக அதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருக்கும் காற்றின் சூட்டையே நேராக அளப்பதால் மூன்று வழிகளிலும் இதுதான் மிக நேர்மையான கட்டுப்பாடு. ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை.

பயாஸை அப்டேட் செய்தால் கர்வ் அழிந்துபோவது வழக்கம். அதற்கு முன் திரையைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள்

விண்டோஸில் கேம் ஆடுபவருக்கு, ‘ஃபேன் கன்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருள் பயாஸை விட ஒரு படி மேல். காரணம் ஒன்றே: கிராபிக்ஸ் கார்டின் வெப்பநிலையை அதற்குப் படிக்கத் தெரியும்.

செய்முறை சுருக்கமாக. முதல் ஓட்டத்தில் எந்தக் கன்ட்ரோல் எந்த ஃபேனுக்கு என்று அதுவே சோதித்து இணைக்கும். பிறகு இரண்டு ‘கிராஃப்’ கர்வ்கள் போடுங்கள், ஒன்று ப்ராசஸருக்கு, ஒன்று கிராபிக்ஸ் கார்டுக்கு. மூன்றாவதாக ஒரு ‘மிக்ஸ்’ கர்வ் போட்டு, அதில் இரண்டையும் சேர்த்து ‘மேக்ஸ்’ என்று வையுங்கள். கேபினெட் ஃபேன்களுக்கு இந்த மிக்ஸைக் கொடுத்தால், யார் சூடானாலும் அவருக்குத் தக்கபடி ஓடும். ஹிஸ்டெரிசிஸை (எத்தனை டிகிரி மாறினால்தான் ஃபேன் வேகம் மாற வேண்டும் என்ற அளவு) 3 முதல் 5 டிகிரி வரை வைக்கலாம்.

கோளாறு வரும் இடங்களும் உண்டு. இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் போர்டின் கண்காணிப்புச் சிப்பை அணுகினால் அளவீடுகள் தாறுமாறாகும், ஃபேன் நின்று நின்று ஓடும். போர்டு நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் உள்ள ஃபேன் பகுதியை அணைத்துவிடுங்கள். முடிந்தால் அந்த மென்பொருளையே நீக்கிவிடுங்கள். விளக்கு நிறம் மாற்றுவதைத் தவிர அதனால் பெரிய பயனில்லை என்பது என் கருத்து. இன்னொன்று: இவ்வகைக் கருவிகள் பலவும் போர்டின் சிப்பை அணுக நம்பியிருந்த வின்ரிங்0 டிரைவரை 2025-ல் விண்டோஸ் டிஃபென்டர் ஆபத்தானது என்று பிடிக்கத் தொடங்கியது. எச்சரிக்கை தவறல்ல, அந்த டிரைவரில் உண்மையாகவே பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது. அதை விலக்குப் பட்டியலில் சேர்க்காமல், பான்ஐஓ டிரைவருக்கு மாறிய புதிய பதிப்பைப் போடுங்கள்.

மென்பொருள் தொடங்கும் வரை ஃபேன் பயாஸ் கர்வில்தான் இருக்கும். பாதியில் முறிந்தால் கடைசியாகச் சொன்ன வேகத்திலேயே உறைந்துவிடவும் கூடும். ஆகவே பயாஸில் ஒரு நல்ல கர்வ் எப்போதும் இருக்கட்டும். கர்வின் அடிமட்டமும் 30%-க்குக் கீழே போக வேண்டாம்.

லினக்ஸில் லினக்ஸ் கர்னலின் சென்சார் டிரைவர் போர்டின் சிப்பை அடையாளம் கண்டால், கூலர்கன்ட்ரோல் என்ற மென்பொருளில் இதே மிக்ஸ் முறையைச் செய்யலாம். காணவில்லை என்றால் பயாஸோடு நின்றுகொள்வது உத்தமம்.

ஸ்ப்ளிட்டரும் ஹப்பும்

இவை வேகத்தைத் தீர்மானிப்பதில்லை, ஒரு ஹெடரின் கட்டளையைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும். சாதாரண ஹெடரின் எல்லை 1 ஆம்பியர். ஃபேன் ஸ்டிக்கரில் 0.2 ஆம்பியர் என்றிருந்தால் நான்கு ஃபேன் 0.8, தொடக்கத்தில் மோட்டார் இழுக்கும் கூடுதல் மின்சாரத்தையும் நினைத்தால், ஸ்ப்ளிட்டரில் மூன்றோடு நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் என்றால் பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் சாட்டா மின்வயரில் இயங்கும் ஹப்தான் வேண்டும். ஸ்ப்ளிட்டரின் ஒரு முனையில் மட்டும்தான் வேகம் சொல்லும் கம்பி இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால் ஆர்.பி.எம். எண் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடும். ஒன்று மட்டும் இருக்கும்போது மற்ற ஃபேன் நின்றுபோனாலும் உங்களுக்குத் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

விலை குறைந்த, விளக்கு மின்னும் கேபினெட்களோடு வரும் ஆறு பின் ஃபேன்கள் பல ரிமோட்டுக்கோ தங்கள் பெட்டிக்கோ மட்டுமே கட்டுப்படும். பவர் சப்ளையின் மோலெக்ஸ் வயரில் நேராகச் செருகுபவை ஒரே வேகத்தில் ஓடும். அவற்றில் பயாஸ், மென்பொருள் இரண்டும் செல்லாது. மாற்றுவதானால் முதலில் பின்பக்க ஃபேன் ஒன்று, முன்பக்கம் இரண்டு, நான்கு பின் ஃபேன்களாக வாங்குங்கள்.

எதற்கு இத்தனை கட்டுப்பாடு, 100%-ல் விட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: 60%-லிருந்து 100%-க்குப் போனால் காற்று மூன்றில் இரண்டு பங்கு கூடும், சத்தமோ ஏறத்தாழ 11 டெசிபெல் ஏறும். காதுக்கு அது இரு மடங்கு இரைச்சல்.

கடைசியாக, வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் கர்வை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே அறை வெப்பம் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி; ஏ.சி. இல்லாத சென்னை அறையில் மே மாதம் 35. உள்ளே எல்லாமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். 40 டிகிரியில் வைத்த அமைதிப் புள்ளியை நம் கணினி சும்மா இருக்கும்போதே தாண்டிவிடும். அடியில் உள்ள இரண்டு புள்ளிகளை 8 முதல் 10 டிகிரி வலப்பக்கம் தள்ளுங்கள். மேலே உள்ள இரண்டைத் தொட வேண்டாம்.