ஒற்றை டயர் மட்டும் மாற்றி ஓட்டியதில் தெரிந்தது

தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகன் போட்டோ அனுப்பிக் கேட்டிருந்தான்: "அண்ணே, டயர் சைடுல கிழிஞ்சிருச்சு, கடையில ரெண்டா மாத்தணும்ங்கிறாங்க. நீங்க ஒண்ணு மட்டும்தானே போட்டீங்க, எப்படி ஓடுது?" போனில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

எனக்குப் போனது முன் இடது டயர். கானாடுகாத்தானில் ஒரு கல்யாணம், எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கியதில் ஒரு பெரிய வீட்டு வாசலின் கருங்கல் படி டயரின் பக்கச் சுவரை, அதாவது சைடு வாலைச் சீவிவிட்டது. உள்ளே இருக்கும் நூல் வெளியே தெரிந்தது. நம்ம பக்கம் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை, அது ரோட்டைத் தொடுகிற பட்டன் மேல் ஏறினால் பேட்ச் போட்டு ஓட்டிக்கொள்ளலாம். சைடு வால் அப்படியில்லை, ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிற இடம், அங்கே ஒட்டு நிற்காது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடைக்காரர் எடுத்த எடுப்பில், "ஒண்ணு மட்டும் மாத்துனா டிஃபரென்ஷியல் போயிரும்ணே" என்றார். வளைவில் இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல்சக்கர அமைப்பு அது. அளந்து பார்க்கச் சொன்னேன். முன்பின் மாறி மாறிப் போட்டு ஓட்டியதால் மற்ற மூன்றிலும் பட்டன் ஆழம் 5 மில்லிமீட்டர் இருந்தது, புதுசில் 8. அதாவது விட்டத்தில் 6 மில்லிமீட்டர் வித்தியாசம். 185/65 ஆர்15 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 620, ஆக நூற்றுக்கு ஒன்று. கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து சுற்று வித்தியாசம். கானாடுகாத்தான் வீதிகளை ஒரு வட்டம் வந்தால் ஒவ்வொரு முக்கிலும் டிஃபரென்ஷியல் இதைவிட அதிகம் வேலை பார்க்கிறது, இதுக்கா போய்விடும்? நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் கதை வேறு, அதில் நாலும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்க வேண்டும். என்னுடையது முன் சக்கரம் இழுக்கிற சாதாரண வண்டி. அதே கம்பெனி, அதே பேட்டர்ன் கிடைத்தது. ஒன்றே ஒன்று போட்டேன்.

முதலில் முன்னாடியே மாட்டினார்கள். திருமயம் ரோட்டில் நேராகப் போகும்போது ஸ்டியரிங் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அலைன்மென்ட் சரிதான். முன் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டதும் இழுவையும் பக்கம் மாறியது, அப்போ டயர்தான். (பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயர் என்றால் இப்படி மாற்றிப் பார்க்கக் கூடாது.) புதுசைப் பின்னாடி தள்ளி, பின்னாடி இருந்ததை முன்னுக்குக் கொண்டுவந்ததும் இழுவை போயே போய்விட்டது. பின்னாடி டிஃபரென்ஷியலே கிடையாது, அந்தப் பேச்சும் முடிந்தது. மழைக்கும் அதுதான் நல்லது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடித்துக்கொள்ளும்; பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அதனால் ஜோடியாகப் போட்டாலும் புதுசு பின்னாடிதான், கடையில் முன்னாடி மாட்டுகிறேன் என்று எவ்வளவு சொன்னாலும் சரி.

அதற்கப்புறம் இத்தனை நாளில் சத்தமில்லை, ஆட்டமில்லை, மைலேஜில் மாற்றமில்லை. ஒற்றை டயரை ஒரு குறை சொல்ல முடியாது.

எரிச்சல் வேறு இடத்தில். அந்த ஒன்று மட்டும் எப்போதும் மற்றதுகளோடு சேராது. சர்வீஸுக்கு விட்டால் டயரை முன்பின் மாற்றிவிடுவார்கள், ஒவ்வொரு தடவையும் "இது முன்னாடி போகக் கூடாது தம்பி" என்று நின்று சொல்ல வேண்டும். இப்போது மூன்றும் தேய்ந்து, மாற்ற வேண்டும் என்று காட்டுகிற 1.6 மில்லிமீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன, இது மட்டும் தெம்பாக இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-லிருந்து டயர் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது, வரிக்கு முன் 5,000 ரூபாய் டயருக்கு 6,400 கொடுத்த இடத்தில் 5,900, சரி மாற்றிவிடலாம் என்று போனால் அந்தப் பேட்டர்னே இப்போது வருவதில்லையாம்! நாலும் புதுசு வாங்கினால் நல்ல டயர் ஒன்று வீட்டில் கிடக்கும். ஸ்டெப்னிக்கு வைக்கலாமே என்றால், நம்ம வண்டியில் அலாய் 15 இன்ச், ஸ்டெப்னிக்கு மட்டும் 14 இன்ச் இரும்பு ரிம். எந்தப் புண்ணியவான் யோசனையோ. மூன்று மட்டும் வாங்கினால் மறுபடியும் ஒன்று ஒட்டாமல் நிற்கும்.

நியாயமாகப் பார்த்தால், அன்றைக்கே இரண்டாக மாற்றியிருந்தாலும் 5 மில்லிமீட்டர் டயர் ஒன்று அப்போதே மிஞ்சியிருக்கும். பணக்கணக்கில் பெரிய வித்தியாசமில்லை.

தேவகோட்டைத் தம்பிக்கு வழி வேறு. அவன் வண்டியில் ஐந்தும் ஒரே சைஸ். ஸ்டெப்னி தரையைத் தொட்டதே இல்லை. அதை இறக்கி, புதுசாக ஒன்று மட்டும் வாங்கி, இரண்டையும் பின்னாடி ஜோடியாகப் போட்டு, கழற்றியதில் நல்லதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். சைடில் கடைசி நாலு எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். 2322 என்றால் 2022-ல் 23-வது வாரம் செய்தது. ரொம்பப் பழசென்றால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

என்னைப் போல ஸ்டெப்னி சின்னதாக இருக்கிறவர்கள் கேட்டால், ஒற்றை நன்றாகவே ஓடும், ஒன்றும் ஆகாது. ஆனாலும் இரண்டாகவே மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பக்கத்தில் நின்று காவல் காக்க என்னால் இனி முடியாது.