சிட்டையிலிருந்து கணினிக்கு: ஒரு ஹார்டுவேர் கடையின் நீண்டநாள் அனுபவம்

விருதுநகரில் எங்கள் ஹார்டுவேர் கடை இரண்டு தலைமுறைகளாகச் சிட்டை என்னும் அன்றாடக் கணக்கு நோட்டையும் பேரேட்டையும் நம்பி நடந்தது. அவற்றை விட்டுவிட்டு முழுக்கக் கணினிக் கணக்குக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பில், சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி மூன்றும் ஒன்றாக ஓடும் மென்பொருள்கள் சந்தையில் பல உண்டு. அடிப்படையில் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அதனால் பெயரைச் சொல்லப்போவதில்லை. எங்கள் கடையில் எந்தெந்தப் பழக்கம் போனபோது வியாபாரம் வளர்ந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் போக வேண்டியிருந்தது விலைப் பழக்கம். அப்பா அடக்க விலையை ரகசிய எழுத்துகளில் பெட்டிமேல் குறித்துவைப்பார். அந்தக் குறி அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பிளம்பருக்கு ஒரு விலை, கான்ட்ராக்டருக்கு ஒரு விலை என்று மனத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்வோம். இதில் திறமை இருந்தது, மறுக்கமாட்டேன். ஆனால் எங்கள் இருவரில் ஒருவர் கல்லாவில் இல்லையென்றால் பெரிய விற்பனை நடக்காது. இன்னொரு கடை என்ற பேச்சே அந்த இடத்தில் நின்றுவிடும். "பையன்களுக்கு விலை தெரிந்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான்" என்பார் அப்பா. நியாயமான பயம்தான். இப்போது சில்லறை, பிளம்பர், கான்ட்ராக்டர் என்று மூன்று விலைப் பட்டியல்கள் இருக்கின்றன. விற்பனையில் நிற்பவருக்கு அடக்க விலை தெரியாது. எவ்வளவு தள்ளுபடி தரலாம் என்ற எல்லை மட்டும் தெரியும். அதற்கு மேல் கேட்டால் எனக்குப் போன் வரும். இந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் அருப்புக்கோட்டையில் இரண்டாவது கடையைத் திறந்திருக்கவே முடியாது.

அடுத்தது பொருள் பட்டியல். மென்பொருள் விற்க வருபவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. ஆனால் மாற்றத்தின் பாதி உழைப்பு இதில்தான் போகும். பைப்புகளை இணைக்கும் பிட்டிங்குகளில் எல்போ, டீ, கப்ளர், ரெடியூசர் என ஒவ்வொன்றும் அரை இஞ்ச், முக்கால், ஒன்று என்று பிரியும். அதில் பிளாஸ்டிக் வகையிலும் சிபிவிசி வேறு, யுபிவிசி வேறு. அதிலும் கம்பெனி வேறு. ஒரே பொருளை ஆளுக்கொரு பெயரில் பதிந்தால், ஓரிடத்தில் இருப்பு மைனஸில் நிற்கும், இன்னோரிடத்தில் விற்காத சரக்கு போலக் கிடக்கும். அளவும் சிக்கல். ஒயர் 90 மீட்டர் சுருளாக வரும், மீட்டர் கணக்கில் போகும். பைப் முழு நீளத்தில் வரும், அடிக்கணக்கில் வெட்டிக் கேட்பார்கள். ஆணி கிலோ. எந்தப் பெயரில், எந்த அளவில் வாங்குகிறோம், எதில் விற்கிறோம் என்பதை ஒருவரே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த வேலையை நாங்கள் கூலிக்கு விடவில்லை. என் மனைவி செய்தார். இன்றைக்கும் புதுப் பொருளை அவர் மட்டுமே பதிகிறார்.

ஜிஎஸ்டி 2017 ஜூலையில் வந்தபோது, பலரைப் போல நாங்களும் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தோம். விற்றுமுதலில் ஒரு சதவீதம் கட்டினால் போதும், கணக்குச் சுமை குறைவு. ஆனால் அதில் வாடிக்கையாளரிடம் வரி வாங்க முடியாது, அவருக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. பெரிய கான்ட்ராக்டர்கள் அதனாலேயே எங்களைத் தாண்டிப் போனார்கள். வழக்கமான முறைக்கு மாறிய பின்பே அவர்கள் வரத் தொடங்கினார்கள். அதோடு, கொள்முதல் பில்களைக் கம்பியில் குத்திவைத்து ஆண்டு முடிவில் ஆடிட்டரிடம் கொடுக்கும் வழக்கமும் போனது. 2022 ஜனவரியிலிருந்து, நமக்கு விற்றவர் தம் கணக்கில் காட்டி ஜிஎஸ்டி தளம் நமக்குத் தரும் 2பி என்ற கொள்முதல் அறிக்கையில் வந்தால்தான் அந்த வரி வரவை எடுக்க முடியும். அறிக்கை மாதம் 14ஆம் தேதி வரும். அன்றைக்கே கொள்முதலோடு ஒப்பிட்டு, விடுபட்டவரைக் கூப்பிட்டுவிடுவோம். 2025 செப்டம்பர் 22 அன்று சிமென்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது, பட்டியலில் ஓரிடத்தில் மாற்றியதும் இரண்டு கடையிலும் காலை முதல் பில் சரியாக வந்தது.

கடன் விஷயத்தில் மட்டும் கணினி சொல்வதை அப்படியே செய்வதில்லை. யார் பாக்கி 30 நாள், யாருடையது 90 நாள் என்று வரிசையாகக் காட்டுவது பெரிய உதவி. ஆனால் நிலுவைத் தாளை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, அப்பா காலத்துக் கொத்தனார் ஒருவர் நேரில் வந்து, "என்மேல் நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்டார். அவரைப் போன்றவர்களுக்கு இப்போது நானே போன் செய்கிறேன். யுபிஐ வரவிலும் கவனம் வேண்டும். பிளம்பரின் பாக்கி அவர் மகனின் போனிலிருந்து வரும், பெயர் பொருந்தாது. இரவு கடை அடைக்கும் முன் அந்தந்த நாள் வரவைச் சரிபார்த்துவிட வேண்டும்.

இன்னும் முழுதாகச் சரியாகாதவை இரண்டு. காலையில் வேலைக்குக் கிளம்பும் பிளம்பர்கள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்போது பில் போடுவது தாமதமாகிறது. அந்த நேரத்துக்கு மட்டும் சலான் என்னும் சரக்குச் சீட்டு எழுதிச் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு பில்லாக மாற்றுகிறோம். மற்றொன்று திருப்பும் சரக்கு. வேலை முடிந்து மிஞ்சிய பிட்டிங்குகளைப் பை நிறையக் கொண்டுவருவது இந்தத் தொழிலின் வழக்கம். ஒவ்வொன்றையும் பழைய பில்லோடு இணைத்துப் பதிவது பொறுமையைச் சோதிக்கும். பதியாமல் விட்டால் இருப்பு பொய்யாகிவிடும் என்பதால் செய்தே ஆக வேண்டும்.

மாற நினைப்பவர்களுக்கு, புது நிதியாண்டு தொடங்கும் ஏப்ரல் முதல் தேதி நல்ல நாள். மார்ச் மாதத்திலேயே கடன் பாக்கிகளையும் வேகமாகப் போகும் சரக்குகளையும் எண்ணிப் பதிந்துவிடுங்கள். தூங்கும் சரக்கை அலமாரி அலமாரியாகப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல்வரை காத்திருக்க முடியாதென்றால் ஏதாவது ஒரு மாதத்தின் முதல் தேதியில் தொடங்குங்கள், நடுவில் வேண்டாம். முதல் மூன்று மாதங்களுக்குச் சிட்டையும் கூடவே இருக்கட்டும்.