பரு வந்தா புரோபயாட்டிக் கிரீமா, பென்சாயில் பெராக்சைடா?

பரு வர காரணம்னு சொல்ற க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்ங்கற பாக்டீரியா, பரு இல்லாதவங்க முகத்துலயும் இருக்குங்க. எண்ணெய் அதிகமா சுரந்து துவாரம் அடைச்சுக்கிட்டு, அந்த பாக்டீரியால சில வகை மட்டும் மேலோங்கும்போதுதான் வீங்கி சீழ் பிடிக்குது. அதனால எல்லாத்தையும் கொல்றதுக்குப் பதிலா நல்ல பாக்டீரியாவ (அதான் புரோபயாட்டிக்) பூசி கெட்டத அடக்கலாம்ங்கறது நிஜமாவே நல்ல யோசனை. 2009ல வெளிவந்த ஒரு கொரிய ஆய்வுல என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ்ங்கற பாக்டீரியாவோட சாறு கலந்த லோஷன் போட்டவங்களுக்கு சீழ் பரு குறைஞ்சுது.

ஆனா கடைல வாங்கற டப்பாவ திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் "லாக்டோபேசிலஸ் ஃபெர்மென்ட்", "பிஃபிடா ஃபெர்மென்ட் லைசேட்"னுதான் இருக்கும். லைசேட்னா உடைஞ்சு செத்த பாக்டீரியா, உயிரோட எதுவும் இல்ல. கிரீம் கெட்டுப்போகாம இருக்க பிரிசர்வேடிவ் போட்டே ஆகணும், அது உயிருள்ள பாக்டீரியாவ மட்டும் விட்டுவைக்குமா? தோல் எரிச்சல தணிக்க உதவலாம், பருவுக்கு மருந்துன்னு நம்பி பெரிய காசு குடுக்காதீங்க. தயிர் பூசறதும் அப்படித்தான், பால புளிக்க வைக்கற பாக்டீரியா நம்ம தோல்ல குடியேறி தங்காது.

பென்சாயில் பெராக்சைடு பழைய மருந்துதான், ஆனா இன்னிக்கும் என் ஓட்டு அதுக்குத்தான். ஆக்சிஜன விட்டு கொல்றதால பாக்டீரியா பழகிக்கறதில்ல. மெடிக்கல்ல 5, 10 சதவீதம்னு குடுத்தா வேணாம்னு 2.5 கேளுங்க, வீங்கின பருவுக்கு கிட்டத்தட்ட அதே பலன்தான், 10 சதவீதத்த விட எரிச்சலும் தோல் உரியறதும் கம்மி. கலர் டவல், தலகாணி உறையெல்லாம் வெளுத்துடும், வெள்ளை டவல் வச்சுக்கோங்க. கரும்புள்ளி (பிளாக்ஹெட், பரு விட்டுப்போன தழும்பு இல்ல) அதிகமா இருந்தா ராத்திரில துவாரம் அடைக்காம பாத்துக்கற அடபலீன் 0.1 சதவீத ஜெல், கர்ப்பமா இருக்கறவங்க மட்டும் அத தொடவேணாம். ரெண்டுக்குமே குறைஞ்சது ரெண்டு மாசம் டைம் குடுங்க, ஒரு வாரத்துல ஒண்ணும் ஆகலன்னு தூக்கிப் போடாதீங்க.

க்ளிண்டாமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக் ஜெல்ல மட்டும் தனியா மாசக்கணக்கா போடறவங்கள பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, பாக்டீரியா அத எதிர்க்கப் பழகிடும், அப்புறம் அந்த மருந்து கை கொடுக்காது. டாக்டர் எழுதினா பென்சாயில் பெராக்சைடோட சேத்துத்தான் போடணும்.

பரு ஆழமா கட்டி கட்டியா வந்து குழி விழுதுன்னா இந்த ஒப்பீடே உங்களுக்கு இல்லங்க, எந்த ஜெல்லயும் ட்ரை பண்ணி மாசத்த ஓட்டாம ஸ்கின் டாக்டர பாருங்க, மாத்திரை தேவைப்படலாம், விழுந்த குழிய பின்னாடி சரி பண்றது ரொம்ப கஷ்டம்.